வீட்டு மொழியும் ஏட்டு மொழியும்

தாம்பரத்தைச் சென்னையின் தெற்கு வாசல் என்று சொல்வது வெறும் அலங்காரச் சொல் அன்று. 1931-ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையிலிருந்து புறப்பட்ட மின்சார இரயில் இங்கே வந்து நின்றது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகர நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டு நிலத்துக்கு இடம் பெயர்ந்தது. விமானப் படையினர் வந்தனர். குரோம் தோல் தொழிற்சாலையின் பெயரையே ஊர்ப் பெயராகக் கொண்ட குரோம்பேட்டையிலும், நாகல்கேணியிலும், பல்லாவரத்திலும் தோல் தொழிலை நாடிப் பல குடும்பங்கள் குடியேறின. 1984-இல் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டபின் கீழக்கரை, காயல்பட்டினம், மேலப்பாளையம் என்று நம் ஊர்களின் பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு இரயிலில் வந்து இறங்கினார்கள். தாம்பரமும் பல்லாவரமும் பம்மலும் அனகாபுத்தூரும் செம்பாக்கமும் சேர்ந்து 2021-இல் ஒரே மாநகராட்சியாகிவிட்டன. இப்படி வந்த ஒவ்வொரு கூட்டமும் தன்னோடு ஒரு மொழியைக் கொண்டு வந்தது. அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் சற்று நேரம் அமர்ந்திருந்தால் தமிழ், உர்து, மலையாளம், இந்தி, வங்காளம் ஆகிய ஐந்து மொழிகள் காதில் விழுகின்றன. ஆனால், பெரியவர்கள் பேச்சைவிடச் சிறுவர்கள் பேச்சையே நாம் அதிகம் உற்றுக் கேட்டு வருகிறோம்.

நம் தெருவுக்கு அடுத்து எழும்பி வரும் அடுக்கு மாடிக் கட்டடத்தில் வேலை செய்யும் கொத்தனார் ஒருவர் மேற்கு வங்காளத்து முர்ஷிதாபாத் மாவட்டத்தைச் சேர்ந்தவர். அவருடைய மகன் ஏழு வயதில் இங்கே வந்தான். மாலை மக்தபுக்கு ஓத வந்தபோது முதல் மூன்று மாதங்கள் ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை. ஊமையோ என்று கூடச் சில பிள்ளைகள் கேட்டார்கள். உஸ்தாத் மட்டும் அவனை வற்புறுத்தவில்லை. 'அலிஃப், பே, தே' அவனுக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும்; அது ஒன்றே அந்த வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. நான்காம் மாதம் ஒரு நாள், பந்து மதிலைத் தாண்டிப் போனதும், "அண்ணா, பந்து அங்க போச்சு!" என்று கூவினான். அதுவே அவன் பேசிய முதல் தமிழ் வாக்கியம். இலக்கணம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த மூன்று மாத மௌனத்தில் அவன் சும்மா இருக்கவில்லை, கேட்டுக் கொண்டே இருந்தான் என்பது அன்றுதான் எல்லோருக்கும் புரிந்தது.

பிறகு பேச்சு மடை திறந்தது. கூடவே பிழைகளும் வந்தன. "அக்கா வந்தான்" என்பான். "உம்மா கூப்பிடுறான்" என்பான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வங்க மொழியில் 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் ஒரே சொல்தான். வினைச் சொல்லும் ஆணுக்கொரு விதம் பெண்ணுக்கொரு விதம் என்று மாறுவதில்லை. ஆகவே, அவன் தவறு கவனக் குறைவால் வந்தது அன்று. தாய்மொழியின் ஒழுங்கைத் தமிழுக்குள் கொண்டு வந்து பார்த்திருக்கிறான், அவ்வளவே. பிட் கார்டர் என்ற ஆங்கிலேய மொழியியலறிஞர் 1967-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைத்தான் சொன்னார்: மாணவன் செய்யும் பிழைகள் அவன் மனத்துக்குள் கட்டி வரும் இலக்கணத்தை நமக்குக் காட்டும் சன்னல்கள். சிவப்பு மையால் அடித்துவிட்டு நகரும் ஆசிரியர் அந்தச் சன்னலைச் சாத்திவிட்டுப் போகிறார். நம் சிறுவனை யாரும் அடித்துத் திருத்தவில்லை. ஓராண்டுக்குள் "அக்கா வந்தாங்க" என்று மரியாதையும் சேர்த்துச் சொல்லக் கற்றுக் கொண்டான்.

இதுவரை நடந்தது தெருவின் சாதனை. இனிப் பள்ளிக் கூடம்.

மூன்றாம் வகுப்பில் அவனைப் பற்றி அவன் தந்தையிடம் கூறப்பட்டது இது: "பேச்செல்லாம் நன்றாகப் பேசுகிறான், படிப்பில்தான் மந்தம்." தந்தைக்குத் தமிழ் அரைகுறை, இந்தச் சொல்லின் பொருள் கேட்டு நம்மிடம் வந்தார். சொல்வதற்கே நமக்கு மனம் வரவில்லை. மந்தமான பிள்ளையா ஓராண்டில் ஒரு மொழியைக் காதாலேயே பிடித்துக் கொண்டது? அறிவியல் பாடத்தில் 'நீர் ஆவியாதல்' என்று ஒரு பகுதி. உலை கொதித்து மூடியில் நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்பதை அவன் நாள்தோறும் பார்க்கிறான். ஆனால் 'நீர்' என்பது அவன் 'தண்ணி' என்று அறிந்த பொருளே என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த வேறுபாட்டை நம் வாசகர்களுக்கு விளக்கக் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போக வேண்டியதில்லை. வளைகுடாவுக்குப் போனால் போதும். நம் உறவினர் ஒருவர் தம்மாமில் பன்னிரண்டு ஆண்டுகள் வண்டி ஓட்டினார். முதலாளியோடு வாதாடுவார், காவலரிடம் சமாதானம் பேசுவார், சந்தையில் பேரம் பேசுவார்; எல்லாம் அரபியில். அதே மனிதர் வெள்ளிக்கிழமை குத்பாவில் பாதிக்கு மேல் விளங்குவதில்லை என்று சொல்லிச் சிரிப்பார். நம் பள்ளிவாசல் ஹஜ்ரத்தோ அரபு இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவர். உம்ராவுக்குச் சென்றபோது ஜித்தாவில் வாடகை வண்டிக்காரர் சொன்னது ஒன்றும் புரியாமல் தம்மாம்காரரையே துணைக்கு அழைத்தாராம். இருவரில் யாருக்கு அரபி தெரியும்? இருவருக்கும் தெரியும், ஆனால் இருவருக்கும் தெரிந்தது வெவ்வேறு அரபி.

கனடாவில் வாழும் ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் இதைத்தான் கணக்கிட்டுக் காட்டினார். டொரொன்டோ நகரில் குடியேறிகளின் பிள்ளைகளை ஆராய்ந்து 1980-களின் தொடக்கத்தில் அவர் எழுதியவை இன்றும் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் பேசப்படுகின்றன. விளையாட்டு மைதானத்து மொழி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும். பாடநூல் மொழியில் உடன்பயிலும் உள்நாட்டுப் பிள்ளைகளை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகும் என்றார். சரளமாகப் பேசுவதைக் கண்டு மொழிச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று ஆசிரியர்களும் உளவியலாளர்களும் முடிவு கட்டி, பாடத்தில் பின்தங்கும் பிள்ளைகளை அறிவுக் குறையுள்ளவர்கள் என்று பிரித்து வைத்ததையும் அவர் எடுத்துக் காட்டினார். கனடாவில் ஆங்கிலத்தில் சொன்னார்கள். தாம்பரத்தில் 'மந்தம்' என்று தமிழில் சொல்கிறார்கள்.

தமிழில் இந்தச் சுமை இன்னும் ஒரு படி கூடுதல். 'வந்துச்சு' என்று பேசும் பிள்ளை 'வந்தது' என்று எழுத வேண்டும். 'போறாங்க' என்பவன் 'போகிறார்கள்' என்று வாசிக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளைக்கே ஏட்டுத் தமிழ் ஏறக்குறைய இரண்டாம் மொழிதான். வீட்டில் யாராவது நாளிதழை உரக்கப் படித்தால், ஜும்ஆவில் பயான் காதில் விழுந்தால், அந்தத் தமிழும் பாதி பழகிவிடும். வங்காளத்துச் சிறுவனுக்கோ தெருத் தமிழும் ஏட்டுத் தமிழும் தனித்தனியே புதியவை. முதலாவதை அவன் தானாகவே வென்றான். இரண்டாவதற்கு ஓர் ஆசிரியர் வேண்டும்; பள்ளிக்கூடம் இருப்பதே அதற்காகத்தானே?

பல்லாவரத்துக்குப் போவோம். அங்கே உர்து பேசும் நம் சகோதரக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. கடைத்தெருவில் அவர்கள் பேசும் தமிழைக் கேட்டால் வேற்று மொழியினர் என்று யாரும் சொல்ல முடியாது. 2006-ஆம் ஆண்டு தமிழக அரசு தமிழ் கற்றல் சட்டத்தைக் கொண்டு வந்தது. அந்தக் கல்வியாண்டில் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக, எல்லாப் பிள்ளைகளும் தமிழை முதல் பகுதிப் பாடமாகப் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவ்வாறு வந்த முதல் அணி 2016-இல் பத்தாம் வகுப்புத் தேர்வை நெருங்கியபோதுதான் பலர் விழித்தனர். மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் நீதிமன்றம் சென்றன, விலக்குகள் கிடைத்தன, 2023-இல் உச்ச நீதிமன்றம் வரை அந்த வழக்கு பேசப்பட்டது.

இந்த மண்ணில் வாழும் பிள்ளை இந்த மண்ணின் மொழியை எழுதப் படிக்கக் கற்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்தில்லை. உர்துக் குடும்பத்துப் பெண் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து வராமல் போனால் வங்கியிலும் மருத்துவமனையிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் பிறர் கையையே எதிர்பார்த்து நிற்பாள். நாம் கேட்பது வேறு. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைக்கு எழுதிய அதே பாடநூலை, அதே வேகத்தில், உர்துப் பிள்ளைக்கும் வைத்தால் அது மொழி கற்பித்தலாகுமா? முதல் பிள்ளைக்கு அந்நூல் தெரிந்த மொழிக்கு எழுத்து கற்றுத் தருகிறது. இரண்டாவது பிள்ளைக்கோ எழுத்தையும் மொழியையும் ஒரே நேரத்தில் வாயில் திணிக்கிறது. இரண்டாம் மொழியாகத் தமிழைக் கற்பிக்கத் தனியே ஒரு முறையும், அதற்கென்று பயின்ற ஆசிரியரும் வேண்டும். சட்டம் எழுதியவர்களும், அதை எதிர்த்தவர்களும் தேர்வைப் பற்றிப் பேசிய அளவுக்கு வகுப்பறையைப் பற்றிப் பேசவில்லை என்பது நம் எண்ணம்.

தொடக்கக் கல்வியில் மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வழியே கற்க வசதி செய்து தரவேண்டும் என்று 1956-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு சொல்கிறது. அதை உரிமை என்று மட்டுமே நாம் மேடைகளில் முழங்குகிறோம்; அதில் ஒரு கற்பித்தல் நுட்பமும் இருக்கிறது. ஒரு மொழியில் வாசிக்கக் கற்றவனுக்கு 'வாசித்தல்' என்றால் என்னவென்று தெரிந்துவிடுகிறது. அதை அடுத்த மொழிக்கு மீண்டும் கற்க வேண்டியதில்லை. வலமிருந்து இடமாக உர்து எழுதும் பிள்ளை இடமிருந்து வலமாகத் தமிழ் எழுதும்போது குழம்பும் என்று பலர் அஞ்சுகின்றனர். நாம் கண்டவரையில் அந்தக் குழப்பம் சில நாள்களுக்கு மேல் நீடித்ததில்லை. மக்தபில் ஓதிவிட்டுப் பள்ளிக்கூடம் செல்லும் நம் பிள்ளைகள் காலங்காலமாகச் செய்து வருவதுதானே அது!

இதுவரை பிறர் வீட்டுக் கதை சொன்னோம். இனி நம் வீட்டுக்கு வருவோம்.

நம் பேத்தி ஆங்கில மொழிவழிப் பள்ளி ஒன்றில் சேர்ந்தாள். முதல் வகுப்பில் பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்து, "வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசுங்கள், தமிழை நிறுத்திவிடுங்கள்" என்று கட்டளையிட்டார்கள். மகனும் மருமகளும் பட்டம் பெற்றவர்கள். ஆயினும் அவர்கள் ஆங்கிலம் அலுவலகத்துக்குப் போதுமானது; பிள்ளையைக் கொஞ்சவும், கோபிக்கவும், கதை சொல்லவும் போதுமானதன்று. அவர்கள் கட்டளைக்கு இணங்கினார்கள். நாம் இணங்கவில்லை, ஆனாலும் பிள்ளை வளர்ப்பில் பெற்றோர் சொல்லே முன் நிற்கும். 'கம்', 'கோ', 'ஈட்', 'ஸ்லீப்' என்று நான்கைந்து சொற்களுக்குள் வீடு சுருங்கியது. இந்த மாற்றத்தில் எல்லோரையும் விட அதிகம் இழந்தவர் அவளுடைய உம்மம்மா. யூசுஃப் நபியின் வரலாற்றை ஏழு இரவுகளுக்கு நீட்டிச் சொல்லக் கூடியவர். கிணற்றில் தள்ளும் இடத்தில் பிள்ளைகள் அழுவார்கள். ஆங்கிலம் அறியாத அவர் வாய் மூடிக் கொண்டார். "நான் பேசினா புள்ளைக்குப் படிப்புக் கெட்டுப் போவுமாமே" என்று நம்மிடம் ஒருநாள் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இந்த நூல்களையெல்லாம் நாம் புரட்டத் தொடங்கினோம்.

விடை அவருக்குச் சாதகமாகவே இருந்தது. இரு மொழி பேசும் பிள்ளைக்கு மூளை குழம்பும் என்று ஒரு காலத்தில் மேலைநாட்டு அறிஞர்களும் நம்பினர். 1962-இல் மொன்ட்ரியால் நகரத்துப் பத்து வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்த பீல், லாம்பர்ட் இருவரும் அந்த நம்பிக்கையைத் தலைகீழாக்கினர். பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒருங்கே அறிந்த பிள்ளைகள் ஒரு மொழிப் பிள்ளைகளைவிட அறிவுத் தேர்வுகளில் மேம்பட்டு நின்றனர். நம் நாட்டிலேயே, ஒடிசா மலைப்பகுதிகளில் வாழும் கோந்து மக்களிடையே அஜித் மொஹந்தி என்ற உளவியலறிஞர் ஆய்ந்தார். அம்மக்களில் ஒரு பகுதியினர் தம் குயி மொழியையும் ஒடியாவையும் சேர்த்துப் பேசுகின்றனர். இன்னொரு பகுதியினர் குயியை மறந்து ஒடியா மட்டுமே பேசுகின்றனர். இனம் ஒன்று, வறுமை ஒன்று. ஆயினும் இரு மொழியையும் காத்துக் கொண்ட பிள்ளைகளே மொழியைப் பற்றிச் சிந்திக்கும் திறனில் மேலோங்கியிருந்தனர்.

ஆனால் கனடாவில் ஆங்கிலப் பிள்ளைகளை முதல் நாளிலிருந்தே முழுக்க முழுக்கப் பிரெஞ்சில் படிக்க வைத்து வெற்றி கண்டார்களே என்று மகன் கேட்டான். கேள்வி நியாயமானதே. 1965-இல் மொன்ட்ரியாலை அடுத்த சென்ட் லாம்பர்ட்டில் அப்படித்தான் தொடங்கினார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளின் வீட்டில் யாரும் ஆங்கிலத்தை நிறுத்தவில்லை. ஆசிரியர்கள் பிரெஞ்சை இரண்டாம் மொழி என்று அறிந்தே கற்பித்தனர். சில ஆண்டுகளில் ஆங்கில வாசிப்பும் பாடத்தில் சேர்ந்தது. அங்கே இரண்டாம் மொழி முதல் மொழியோடு கூடியது. இங்கே முதல் மொழியைக் கழித்துவிட்டு இரண்டாவதை வைக்கச் சொல்கிறார்கள். கூட்டலுக்கும் கழித்தலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கு வாத்தியார் அறிவார். மொழி வகுப்பில் அது மறந்து போகிறது.

நம் முன்னோர் இந்தக் கூட்டலை நன்றாக அறிந்திருந்தார்கள். அரபு எழுத்தை ஓதுவதற்காகக் கற்ற பெண்களுக்கு, அதே எழுத்தைக் கொண்டு தமிழையே எழுதிக் கொடுத்தார்கள். தமிழுக்குரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டி அரபுத் தமிழ் எழுதப்பட்டது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) அந்த எழுத்தில் மார்க்க நூல்கள் இயற்றினார்கள். தமிழ் எழுத்து அறியாத மூதாட்டியர் அவற்றை வீட்டுக் கூடத்தில் அமர்ந்து வாசித்து விளங்கிக் கொண்டார்கள். கையில் இருக்கும் எழுத்தை வைத்துக் காதில் இருக்கும் மொழியைப் படிப்பது எத்தனை எளிய ஏற்பாடு!

இங்கே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. பொருள் அறியாமல் குர்ஆனை ஓதுகிறார்களே என்று நம்மைக் கேலி செய்வோர் உண்டு. ஓதுதல் இபாதத்; ஒவ்வோர் எழுத்துக்கும் நன்மை உண்டு என்பது நம் நம்பிக்கை. பொருள் அறிவது அதற்கு மேலும் ஒரு பேறு. ஆனால் கேலி செய்வோரின் பள்ளிகளில் நடக்கும் ஆங்கிலப் பாடம் என்ன? வினாவையும் விடையையும் கரும்பலகையிலிருந்து பெயர்த்து, மனனம் செய்து, தேர்வில் கொட்டுகிறார்கள். பொருளும் இல்லை, நன்மையும் இல்லை!

வேறு வழியே இல்லையா என்றால், சென்னையிலேயே வழி காட்டியவர் இருந்தார். பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதியும் மனனமும் இல்லை. இரயில் நேர அட்டவணையையோ ஊர் வரைபடத்தையோ கையில் கொடுத்து, ஒரு சிக்கலைத் தீர்க்கச் சொன்னார். இந்த வண்டி தவறினால் அடுத்தது எது, எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்பது போல. கணக்கில் மனம் செல்லும்போது மொழி தானே உள்ளே இறங்கும் என்பது அவர் துணிபு. உலகெங்கும் 'பெங்களூர்த் திட்டம்' என்று அது பெயர் பெற்றுவிட்டது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே இத்தனை மின்சார இரயில்கள் ஓடும் ஊரில், ஒரு ஆங்கில ஆசிரியர் கூட அட்டவணையை வகுப்புக்கு எடுத்துச் சென்றதை நாம் இன்னும் பார்க்கவில்லை.

நம் வீட்டில் கட்டளை நீண்ட காலம் தாங்கவில்லை. மூன்றாம் வகுப்பில், பிறை ஏன் வளர்ந்து தேய்கிறது என்று பேத்தியிடம் அவள் தந்தை கேட்டான். ஆங்கிலத்தில் இரண்டு வரி ஒப்பித்தாள். 'அப்படியென்றால் என்ன?' என்று தமிழில் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் வேறு விதமாகவும் சொல்லத் தெரியவில்லை. மகன் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு உம்மம்மாவின் கட்டிலருகே பிள்ளையைக் கொண்டு போய்ப் படுக்க வைத்தான். யூசுஃப் நபி மீண்டும் கிணற்றில் தள்ளப்பட்டார்கள்.

மஃரிபுக்குப் பின் இப்போது நம் திண்ணையில் ஐந்தாறு பிள்ளைகள் கூடுகின்றன. பேத்தி தன் ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் எழுதுகிறாள். பல்லாவரத்திலிருந்து இங்கே மணமாகி வந்த பெண்ணின் மகன் உர்துவில் கணக்குப் போட்டுத் தமிழில் விடை சொல்கிறான். கொத்தனார் மகன் நான்காம் வகுப்புக்கு வந்துவிட்டான். 'ஆவியாதல்' என்பதை நம் பேத்தி அவனுக்கு உலை மூடியைக் காட்டி விளக்கினாள். அவன் அதை வீட்டுக்குப் போய்த் தன் தாயிடம் வங்காளத்தில் சொன்னானாம். கட்டட வேலை முடியும் வரைதான் அவர்கள் இந்த ஊரில் இருப்பார்கள். அடுத்த வேலை கேளம்பாக்கத்திலா, கோயம்புத்தூரிலா என்பது இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் ஏட்டுத் தமிழில் எவ்வளவு தூரம் கொண்டு போக முடியுமோ அவ்வளவு கொண்டு போக வேண்டும் என்று மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை அவனோடு மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம்.